கிளைடர் காக்பிட்டில் எச்சரிக்கை பஸ்ஸர்: நாலு சீசன் ஓட்டிப் பார்த்தபின்

சக்கரத்தை இறக்கிப் பூட்டாமல் தரையிறங்கப் போனால் கத்தட்டும் என்று என் கிளைடரில் (என்ஜின் இல்லாத விமானம்) ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறேன். இரண்டாவது சீசன். தரையிறங்க வந்துகொண்டிருக்கிறேன். சக்கரத்தை இறக்கிப் பூட்டியாயிற்று. லீவர் பள்ளத்தில் உட்கார்ந்ததைக் கையால் தடவியும் பார்த்தாயிற்று. ஆனால் ஏர்பிரேக்கை (இறக்கையில் எழும்பி, கிளைடரைக் கீழே இறங்கவைக்கும் தகடு) திறந்த நொடியில் பஸ்ஸர் அலற ஆரம்பித்தது. லீவரை மறுபடி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டு விநாடியில் வேகமானியைப் பார்க்க மறந்துபோனேன். இறங்கியது ஒழுங்காகத்தான், ஆனாலும் முதுகெல்லாம் வியர்வை.

குற்றவாளி நான்தான். வெயிலில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று, முந்தின வாரம் பஸ்ஸரோடு இணையாக 3 வாட் இழை பல்பு ஒன்றைக் கோத்திருந்தேன். 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு, போட்ட கணத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு பாயும். சக்கர லீவரில் நான் வைத்திருந்தது ரீட் ஸ்விட்ச், அதாவது காந்தம் பக்கத்தில் வந்தால் மாறும், கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ஸ்விட்ச். சின்னவை பெரும்பாலும் அரை ஆம்பியர் தாங்குபவை. உள்ளே தொடுமுனைகள் ஒட்டிப்போய்விட்டன. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ‘டிக்’கென்று விட்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வைத்தேன். பல்பும் போயிற்று, இப்போது எல்.இ.டி.தான்.

நான் போட்ட சுற்று ரொம்ப எளிது. ஏர்பிரேக் லீவரில் ஒரு உணரி, சக்கர லீவரில் ஒரு உணரி, இரண்டும் தொடராக, கடைசியில் பஸ்ஸர். ஏர்பிரேக் பூட்டு விடுபட்டு, சக்கரமும் பூட்டாமல் இருந்தால் மட்டும் சத்தம். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. வயரிங் ஒரு மாலை வேலை. உணரியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒரு சீசனே போயிற்று.

முதலில் சக்கரம் ‘மேலே’ இருக்கும் முனையில் ரீடை வைத்தேன். தப்பு. லீவர் பாதி வழியில் நின்றால் சக்கரம் மேலேயும் இல்லை, பூட்டவும் இல்லை, பஸ்ஸரோ வாயைத் திறக்காது. கேட்க வேண்டிய கேள்வி ‘மேலே இருக்கிறதா’ அல்ல, ‘கீழே பூட்டியிருக்கிறதா’. அதனால் மூன்று கால் உள்ள ரீடாக மாற்றி, பூட்டிய இடத்தில் காந்தம் எதிரே வந்தால் மட்டும் தொடர்பு அறுபடும்படி வைத்தேன். இதில் இன்னொரு லாபம், காந்தம் கழன்று விழுந்தால் பஸ்ஸர் கத்திக் காட்டிக்கொடுக்கும். வயர் அறுந்தால் மட்டும் சத்தமே வராது. அதற்கு நான் செய்வதைக் கடைசியில் சொல்கிறேன்.

காந்தத்தின் திசையையும் கவனியுங்கள். காந்தத்தின் முனை ரீடின் நடுப்பகுதியை நேராகப் பார்க்கும்படி ஒட்டினால், சரியாக நடுவில் நிற்கும்போது ரீட் அதை உணராது. இரு பக்கமும் சற்று நகர்ந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மதியம் ஆயிற்று. ரீடுக்கு இணையாகப் படுக்கவைத்ததும் சரியாயிற்று. ரீடின் கால்களை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவே குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்கே தெரியாது. நியோடிமியம் காந்தத்தைத் திசைகாட்டி பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

வயருக்கு டெஃப்செல் உறை போட்ட 22 கேஜ். பி.வி.சி. உறை எரிந்தால் வரும் புகையை மூடிய காக்பிட்டில் நினைத்துப் பார்க்கவே முடியாது. இணைப்பெல்லாம் கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கவைக்கும் முனை). சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடுகிறது, அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் வயர் ஒடியும். எனக்கு ஒன்று அப்படித்தான் ஒடிந்தது. பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃப்யூஸ், இந்தக் கிளைக்கு தனியாக 1 ஆம்பியர். முதலில் சோம்பேறித்தனத்தில் ரேடியோ ஸ்விட்சிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தேன். ரேடியோவை அணைத்தால் எச்சரிக்கையும் சேர்ந்து செத்துப்போகும் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது மெயின் ஸ்விட்சிலிருந்து வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் பாதையில் ஒரு வயர்கூடத் தொங்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்டிக், ரட்டர், ஏர்பிரேக் எல்லாவற்றையும் கடைசி வரை அசைத்துப் பார்த்து, பிறகு வேறொருவரையும் பார்க்கச் சொன்னேன். பராமரிப்பு அதிகாரம் உள்ளவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பறந்தேன்.

சத்தம் விஷயத்திலும் ஏமாந்தேன். விட்டுவிட்டுக் கத்தும் பஸ்ஸர் வாங்கினேன். வேரியோவும் (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) ஏற்றத்தில் அப்படித்தான் பீப் அடிக்கும்! இரண்டையும் மனசு ஒன்றாக்கிவிட்டது. இப்போது இரட்டைத் தொனி பஸ்ஸர். தவிர, தரையிறங்குவதற்கான சுற்றுப்பாதைக்குள் நுழையும்போதே வேரியோவின் ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.

இது எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பிரேக்கைப் பூட்டாமலோ கேனபியை (காக்பிட்டின் ஒளிபுகும் மூடி) சரியாக மூடாமலோ கிளம்பினால் இந்தச் சுற்று ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் சக்கரம் கீழேதானே இருக்கிறது. அதற்காக இரண்டிலும் மைக்ரோ ஸ்விட்ச் வைத்து, ஏதாவது ஒன்று திறந்திருந்தாலும் பேனலில் ஒரு சிவப்பு எல்.இ.டி. எரியும்படி செய்தேன். அதிலும் பஸ்ஸர் வேண்டாம் என்பது என் கட்சி. கேனபியைத் திறந்துவைத்து வரிசையில் காத்திருக்கும் நேரமெல்லாம் கத்திக்கொண்டிருந்தால், மூன்றாம் நாளே யாராவது ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

மூன்றாவது சீசனில் ஒருமுறை அந்தச் சக்கர பஸ்ஸர் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது. மேலே இழுத்துப்போகும் கயிற்றை விட்ட பிறகு சக்கரத்தை ஏற்ற மறந்துவிட்டேன். இறங்க வரும்போது ‘இறக்குகிறேன்’ என்று நினைத்து லீவரை மறுபக்கம் தள்ளியிருக்கிறேன், அதாவது ஏற்றிவிட்டேன். சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஏர்பிரேக் பூட்டை விடுவித்ததும் அலறல். சரிசெய்ய நேரம் தாராளமாக இருந்தது. அதனால்தான் ஏர்பிரேக் முழுதாகத் திறக்கும்வரை காத்திராமல், பூட்டு விடும் முதல் அசைவிலேயே உணரி மாறவேண்டும் என்கிறேன். தரைக்குப் பக்கத்தில் அலறினால் நான் சக்கரத்தைத் தொடமாட்டேன். பல மாடல்களில் அந்த லீவர் வலது பக்கம் இருக்கிறது. ஏர்பிரேக்கை விட்டு, ஸ்டிக்கில் கை மாற்றி, பிறகுதான் அதை இழுக்க முடியும். புல்வெளியில் வயிற்றால் இறங்கினால் அநேகமாக ஜெல்கோட் (மேல் பூச்சு) உரசும், அவ்வளவுதான். தடுமாறி விழுந்தால் ஒடிவது முதுகெலும்பு.

அந்த அறுந்த வயர் சமாச்சாரம்: ஒவ்வொரு பறப்பிலும் மேலே போய்ச் சக்கரத்தை ஏற்றியதும், வேகத்தைக் குறைத்து, ஏர்பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்தபடி அதன் பூட்டை ஒரு கணம் விடுவிப்பேன். சத்தம் வரவேண்டும். வந்தால் மறுபடி பூட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். போன சீசனில் இரண்டு தடவை வரவில்லை. இரண்டுமே சக்கர லீவர் பக்கத்து இணைப்பான் தளர்ந்ததால். சீசன் முடிந்ததும் அதைப் பூட்டு வைத்த வகையாக மாற்றப்போகிறேன்.