போகிக்கு ஒரே மூச்சிலா, வாரம் ஒரு அலமாரியா?

போகிக்கு முந்தின நாள் வீடு முழுவதையும் ஒரேயடியாக ஒழிப்பது ஒரு வழி. வாரம் ஒரு அலமாரி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. பரணுக்கு முதல் வழிதான் சரி. ஏணியைப் பிடிக்க ஒருவர், கீழே நின்று வாங்க ஒருவர் என்று அன்றைக்குத்தான் வீட்டில் ஆள் இருக்கும்.

ஆனால் அவசரத்தில் நல்லதும் போய்விடும். எங்கள் வீட்டில் பழைய துணி மூட்டையோடு பாட்டியின் சுங்குடிச் சேலை போனது. இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் துணி, காகிதம், சமையலறை மூன்றுக்கும் நான் வாரக் கணக்குக்கே மாறிவிட்டேன். ஞாயிறு காலை ஒரே ஒரு தட்டு: மூடி தொலைந்த டப்பா, காலாவதியான மாத்திரை, ஓட்டை விழுந்த வடிகட்டி. பத்திரமும் பட்டாவும் தனிக் கோப்பில்.

அப்புறம், பிளாஸ்டிக்கையும் டயரையும் போகித் தீயில் போடாதீர்கள். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே எழாமல் தெருவிலேயே தங்கிவிடும்.