ஓட்டுக் கூரையா, கான்கிரீட் தளமா? கிராமத்தில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு

கிராமத்தில் புது வீடு என்றால் பேச்சு சுவரையும் தரையையும் சுற்றியே போகும். என்னைக் கேட்டால் முதலில் கூரையை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். நாங்கள் கான்கிரீட் வேண்டாம் என்று இரும்புச் சட்டத்தின் மேல் மங்களூர் ஓடு போட்டவர்கள், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

கான்கிரீட் தளத்துக்கு உள்ள நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு மாடி எடுக்கலாம், தண்ணீர்த் தொட்டி வைக்கலாம், காற்று பெயர்த்துக்கொண்டு போகாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் முறையில், தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லாத இடங்களில் ஓடுகளைப் பதித்துவிடுவதால் எடையும் செலவும் குறையும். மாடி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். சூடு பற்றிச் சொல்லவே வேண்டாம், தளம் பகலில் வாங்கியதை ராத்திரி உள்ளே இறக்கும். ஓடு பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். ஆனால் உச்சி வெயிலுக்கு வெறும் ஓடு போதாது, அடியில் சீலிங் ஓடும் வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. ஓடு ஒழுகினால் எந்த இடம் என்று பெரும்பாலும் கீழே நின்றே தெரியும். ஏணி போட்டு ஏறி, உடைந்ததை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் தீர்ந்தது. கான்கிரீட்டில் தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி எங்கோ தள்ளிக் கசியும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும், அப்புறம் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். அதை ஒழுங்காகச் சரிசெய்யத் தெரிந்த ஆளைக் கிராமத்துக்கு வரவழைப்பதே பெரிய வேலை.

அதற்காக ஓட்டுக் கூரையை அப்படியே விட்டுவிட முடியாது. மழைக்கு முன் ஏறிச் சருகைத் தள்ளி, நகர்ந்ததைச் சரிசெய்து, முகட்டுச் சாந்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குரங்கு வரும் இடமென்றால் இந்த வேலை கூடும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம்தான் முதலில் ஒழுகும், ஆகவே வீட்டை நேரான செவ்வகமாகப் போட்டுவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை. சரிவு 30 பாகையை ஒட்டி இருக்கட்டும், மிகவும் தாழ்ந்தால் காற்றோடு வரும் சாரல் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். வாங்கும்போதே கொஞ்சம் ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள். வேறு சூளை ஓட்டின் பள்ளமும் மேடும் இதோடு பொருந்தாமல் போகலாம்.

இறவாரத்தை இரண்டரை, மூன்று அடி வெளியே நீட்டினால் சுவரில் மழை நேராக அடிக்காது. அந்த இடத்து மண்ணாலேயே சுவர் வைத்துச் சுண்ணாம்பு பூசும் துணிச்சல் அப்போதுதான் வரும். சரிவான நிலமென்றால் வெட்டிச் சமன் செய்யாமல், நீளவாக்கைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, முகடு மர உச்சிக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். இதில் பழைமைப் பற்று ஒன்றும் இல்லை. மங்களூர் ஓடே 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஆட்கள் தொடங்கிய தொழிற்சாலைச் சரக்குதான், ஒரு காலத்தில் அதுவும் புதுசு.

ஒன்று மட்டும், எங்கள் கூரை இன்னும் பெரிய புயலைப் பார்க்கவில்லை. ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கம்பியால் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். கடலோரத்தில் கட்டுகிறவர்கள், புயலைத் தாங்கி நின்ற ஓட்டு வீட்டுக்காரர் யாரையாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.