20 கேஜ் துப்பாக்கிக்கு எஃகுத் தோட்டா: 2-ஆம் எண்ணா, 4-ஆம் எண்ணா?

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு ஈய ரவையை (தோட்டாவுக்குள் அடைத்திருக்கும் சிறு உருண்டைகளை) பயன்படுத்த 1991 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. அனுமதிக்கப்பட்ட மாற்றுகளில் பிஸ்மத்தும் டங்ஸ்டனும் எஃகைவிட அடர்த்தி மிக்கவை, தூரத்தில் மேலானவை. ஆனால் பருவம் முழுவதும் சுடுகிறவருக்கு அவற்றின் விலை கட்டுப்படியாகாது. ஆகவே எஃகுதான் என்றான பிறகு, எந்த அளவு ரவை என்பதே கேள்வி. என் 20 கேஜ் துப்பாக்கிக்கு (கேஜ் என்பது குழலின் விட்ட அளவு; எண் கூடக் கூடக் குழல் குறுகும்) நான் தேர்ந்துகொண்டது 3 அங்குலத் தோட்டாவில் 7/8 அவுன்ஸ் அடைத்த 4-ஆம் எண் ரவை.

2¾ அங்குலத் தோட்டாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் பெரும்பாலும் முக்கால் அவுன்ஸ் எஃகுதான் இருக்கும். துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை 3 அங்குலத்தை ஏற்குமானால் அதை வாங்கக் காரணம் குறைவு.

உண்மையான போட்டி, ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும் 2-ஆம் எண்ணுக்கும் 4-ஆம் எண்ணுக்கும்தான். எண் குறையக் குறைய ரவை பெரிது. 2-ஆம் எண் ரவை ஒவ்வொன்றும் மற்றதைப் போல ஒன்றரை மடங்கு எடை கொண்டது. ஆழமாகத் துளைக்கும், வேகத்தையும் மெதுவாகவே இழக்கும். ஆனால் 7/8 அவுன்ஸில் அது சுமார் 109 ரவைகளே. 4-ஆம் எண்ணிலோ சுமார் 168. மல்லார்ட் போன்ற பெரிய வாத்துக்கு, சுடும் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 85 முதல் 90 ரவைகள் விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் பரவலாக ஏற்கும் கணக்கு. 2-ஆம் எண்ணில் இதை எட்டத் தோட்டாவில் உள்ள ரவைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டத்துக்குள் வந்தாக வேண்டும். 4-ஆம் எண்ணுக்கு 52 விழுக்காடு போதும். சிறிய கேஜில் தோட்டாவின் கொள்ளளவே குறைவு என்பதால், எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த எண்ணிக்கைதான். என் துப்பாக்கியில் மாடிஃபைட் சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல்வாயை நடுத்தரமாகக் குறுக்கும் உறுப்பு) பொருத்தி 35 கஜத்தில் தாளில் சுட்டுப் பார்த்தபோது, 2-ஆம் எண்ணின் பரவலில் ஒரு வாத்தின் உடல் முழுதும் தப்பிச் செல்லும் அளவுக்கு வெற்றிடங்கள் தெரிந்தன. அப்படிப்பட்ட பரவல், பறவையைக் காயப்படுத்திவிட்டுத் தப்ப விடும். அதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் குழலில் வேறு மாதிரி விழலாம் என்பதால், மொத்தமாக வாங்குவதற்கு முன் தாளில் சுட்டுப் பார்ப்பது அவசியம்.

இந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. 4-ஆம் எண் எஃகு 35 கஜத்துக்கு அப்பால் துளைக்கும் வலிமையை விரைவாக இழப்பதால், பொம்மை வாத்துகளை நாடி இறங்கும் பறவைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயரத்தில் கடந்து போகும் வாத்துகளைச் சுடுகிறவர்கள் 2-ஆம் எண்ணை நாடுவதில் நியாயம் இருக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை: குழல்வாயில் நொடிக்கு 200 அடியாக இருக்கும் வேறுபாடு, எடை குறைந்த எஃகு ரவைகளில் 35 கஜத்துக்குள் பெரிதும் சுருங்கிவிடும்.

28 கேஜில் நான் சுட்டது மிகக் குறைவு. அடக்கும் ரவை இன்னும் குறைவு என்பதால் இதே கணக்கு அங்கே மேலும் இறுக்கமாகும் என்று மட்டும் சொல்ல முடியும். எஃகுக்கென வடிவமைக்கப்படாத பழைய குழல்களில் இவற்றில் எதையும் சுடக் கூடாது. அவற்றுக்குப் பிஸ்மத்தே உரியது.

மலிவான தோட்டாக்களில் ஈரம் புகுந்தால் ரவைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுடுவது குழலுக்கும் ஆபத்து. சதுப்பில் நனைந்தவற்றைத் தனியே எடுத்து உலர்த்துங்கள், வெளிப்புறம் துருவேறியதையோ நீரில் மூழ்கிக் கிடந்ததையோ சுடாதீர்கள்.