கடலூர்ப் புழுக்கத்தில் பத்து மீட்டர் ஏர் ரைபிள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான், அழுத்தப்பட்ட காற்றால் சுடும் வால்தர் எல்ஜி 400 ஏர் ரைபிளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இதே கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பின்னர், எங்கள் பகுதியில் இந்த விளையாட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். துப்பாக்கியைவிட நிற்கும் முறையே என் புள்ளிகளை உயர்த்தியது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.; ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 2.5 மி.மீ. துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் பின்பக்கத் துளைக்கும் முன்பக்க வளையத்துக்கும் 80 செ.மீ. இடைவெளி இருப்பதாகக் கொண்டால், அவ்விரண்டின் நேர்கோட்டில் 0.2 மி.மீ. பிசகினாலே இலக்கில் ஒரு வளையம் தவறிவிடும். இத்தனை நுண்மையைத் தசைகளை இறுக்கிக் காப்பாற்ற முடியாது. தசை களைப்படையும், களைத்தால் நடுங்கும். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முதுகைச் சற்றே பின்னோக்கி வளைத்து, துப்பாக்கியின் எடை எலும்புகள் வழியாகப் பாதங்களுக்கு இறங்கும்படி நின்றால்தான் அசைவு அடங்குகிறது.

அதன்பின் கண்களை மூடி, இரண்டு மூச்சுகளை நிதானமாக விட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இலக்கின் நடுவிலுள்ள கரும்புள்ளி முன்வளையத்துக்குள் இல்லாமல் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகி நின்றால், கையால் தள்ளிச் சரிசெய்யாமல் பாதங்களை இம்மியளவு நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். கையால் தள்ளியவர் டிரிகரை அழுத்தும் கணத்தில் உடல் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்; குண்டும் அந்தப் பக்கமே விலகும். புதியவர்கள் சலிப்போடு தவிர்க்கும் இந்தச் சோதனையை, தொடர்ந்து சுடத் தொடங்கும் ஒவ்வொரு முறைக்கு முன்பும் செய்யுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

மூச்சை முழுதாக அடக்காமல், பாதி வெளியேறிய நிலையில் இயல்பாக நிறுத்தி, எட்டு விநாடிகளுக்குள் சுட முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிடுவது நல்லது. போட்டியின் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடங்கள் தரப்படுவதால், இறக்கி மீண்டும் ஏந்துவதற்கு நேரம் தாராளமாகவே இருக்கிறது.

குண்டில்லாமல் வீட்டில் டிரிகரை அழுத்திப் பழகும் டிரை ஃபயர் பயிற்சிதான் எனக்கு மிகுந்த பலன் தந்தது. பத்து மீட்டர் தூரத்துக்குரிய கரும்புள்ளியின் விட்டம் 30.5 மி.மீ. என்பதால், ஐந்து மீட்டர் நீளக் கூடத்தின் சுவரில் ஏறத்தாழ 15 மி.மீ. வட்டத்தை ஒட்டினால் அதே அளவுத் தோற்றம் கிடைக்கிறது. குண்டின் சத்தமோ புள்ளியோ கவனத்தைக் கலைக்காததால், டிரிகர் விடுபட்ட பின்னும் முன்வளையம் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். பயிற்சிக்கு முன் குழாயில் பெல்லட் (ஏர் ரைபிளின் சிறு குண்டு) இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்வது கட்டாயம்.

கடற்கரை ஊர்களில், சுடும்போது அணியும் விறைப்பான ஜாக்கெட்டே பெரிய சோதனை. தடித்த கேன்வாஸும் தோலும் முதுகைத் தாங்குவது உண்மை; ஆயினும் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வியர்வை ஊறி விறைப்புக் குறைவதை உணர்ந்திருக்கிறேன். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் அணிவதும், பயிற்சி முடிந்ததும் வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் விரித்து உலர்த்துவதும் உதவின. புதுச்சேரிக்குப் பயிற்சிக்குச் சென்று திரும்பும் நாள்களில் துப்பாக்கியை ஈரமான பெட்டியிலேயே விட்டுவிடக் கூடாது. உப்புக்காற்றில் திருகுகளின் தலையில் துரு விரைவாகப் பிடிக்கிறது. எண்ணெய் தடவிய துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

பெல்லட் வகைகளை மாற்றிப் பார்த்ததில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தொடக்க நிலையில் அதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய துப்பாக்கி வாங்குவோர் மட்டும் அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் உருளையில் பொறித்துள்ள தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும்: பத்து ஆண்டுகள் கடந்த உருளையைப் போட்டிகளில் ஏற்க மாட்டார்கள், மாற்றுவதற்கு ஆகும் செலவை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.