கம்ப்ரசரா, கெப்பாசிட்டரா, கேஸா? ஏசி படுத்தால் எதை முதலில் சந்தேகிப்பது

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடைப் பக்கம் மார்ச் பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பது பெரும்பாடு. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்துக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கையே விட்டது. அந்த மாதிரி நாட்களில்தான் ஏசி படுக்கும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்தோ, இந்தப் பக்கம் சித்தூரிலிருந்தோ ஒருவர் வருவார். அவுட்டோர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் போச்சுங்கக்கா" என்பார். குளிர வைக்கும் கேஸை அமுக்கிச் சுற்றவிடும் மோட்டாரைத்தான் சொல்கிறார்.

உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால் 300 ரூபாய்ப் பழுதும் 12,000 ரூபாய்ப் பழுதும் வெளியே ஒரே அறிகுறியைத்தான் காட்டும். எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. "ஏன் தம்பி, கெப்பாசிட்டரை மீட்டர்ல வெச்சுப் பார்த்தீங்ளா?" என்று கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முனகி அடங்கும் கம்ப்ரசர்: மூன்று சந்தேகங்கள்

முதலில் கம்ப்ரசர் வேகம் கூடிக் குறையும் இன்வெர்ட்டர் ரகம் அல்லாத சாதா ஏசியைப் பார்ப்போம். உள்ளே காற்று வருகிறது, வெளி விசிறியும் சுற்றுகிறது. கம்ப்ரசர் மட்டும் சில விநாடி முனகிவிட்டு 'டக்'கென்று அடங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே முனகல், அதே டக். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம், வோல்டேஜ் போதாமல் இருக்கலாம், கம்ப்ரசரே உள்ளே இறுகிப் போயிருக்கலாம். மூன்றிலும் மோட்டார் சுழல முடியாமல் வழக்கமான ஆம்பியரைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், சூடேறி, ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். அதனால் சத்தத்தை மட்டும் கேட்டு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதல் சந்தேகம் எப்போதும் கெப்பாசிட்டர் மேல் விழ வேண்டும். ஒன்றரை டன் ஏசியில் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரை இருக்கும், அளவு அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். 50 என்று போட்டு 5 சதவீதம் கூடக்குறைய என்றிருந்தால் 47.5 வரை பரவாயில்லை. மீட்டர் 40, 38 என்று காட்டினால் மாற்றியே ஆக வேண்டும். கெட்டுப்போனதன் தலை சில சமயம் கண்ணுக்கே தெரியும்: தட்டையாக இருக்க வேண்டிய அலுமினிய மூடி நடுவில் உப்பி, ஓரத்தில் எண்ணெய் கசிந்து அழுக்கு ஒட்டியிருக்கும். உப்பவில்லை என்பதற்காக நல்லது என்று விட்டுவிடக் கூடாது, மீட்டர் சொல்வதுதான் கணக்கு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கும், அது ஆளைத் தூக்கி அடிக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் இது ஏன் அடிக்கடி போகிறது? வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மேற்குச் சுவரில், தகரக் கூரைக்கு அடியில் மாட்டிய பெட்டிக்குள் மே மாத மூன்று மணிக்கு என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வோல்டேஜ். இதைப் பகலில் வரும் மெக்கானிக் பார்க்கவே முடியாது. பகல் பதினோரு மணிக்கு 225 காட்டும் அதே வீட்டில், லைன் கடைசியில் இருந்தால், இரவு எட்டு மணிக்கு 185 காட்டலாம். இப்படிப்பட்ட மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ட்டில் கிடைப்பதில் 64 சதவீதம்தான் 184 வோல்ட்டில் கிடைக்கும். பகலில் ஓடி ராத்திரி மட்டும் முனகும் ஏசிக்குக் கம்ப்ரசரைக் குறை சொல்வது அநியாயம். ஒரு சின்ன வோல்ட் மீட்டரை பிளக்கில் மாட்டி இரண்டு ராத்திரி பார்த்தால் போதும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கு வர வேண்டும். சி, எஸ், ஆர் என்பார்கள்: பொது முனை, ஸ்டார்ட், ரன். கெப்பாசிட்டரையும் வயர்களையும் கழற்றிவிட்டு ஓம் மீட்டரை வைத்தால் ஒரு எளிய கூட்டல் கணக்கு வர வேண்டும். சி–ஆர் 1.6, சி–எஸ் 2.9 என்றால் எஸ்–ஆர் 4.5 காட்ட வேண்டும். கூட்டல் உதைத்தால் வைண்டிங்கில், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளில், கோளாறு. முனைக்கும் வெளி இரும்புக்கும் இடையே தொடர்பு தெரிந்தால் பாடி ஷார்ட். ஏசி போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுகிறது என்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். பாடி ஷார்ட் உறுதியானால் அந்தக் கம்ப்ரசருக்கு வேறு வழி இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நல்ல கம்ப்ரசர்கள் நிறைய இதில்தான் தப்பாகத் தீர்ப்பு வாங்குகின்றன. சில கம்ப்ரசர்களில் ஓவர்லோடு உள்ளேயே, சி முனையோடு சேர்ந்து இருக்கும். சூட்டில் அது திறந்திருக்கும்போது அளந்தால் சி–ஆர், சி–எஸ் இரண்டும் அறுந்தது போலக் காட்டும், எஸ்–ஆர் மட்டும் நன்றாக இருக்கும். அது செத்த கம்ப்ரசர் இல்லை, சூடான கம்ப்ரசர். கம்ப்ரசரின் வெளிக்கூடு கைபொறுக்கும் அளவுக்கு ஆறட்டும், ஒரு மணி நேரம் கூட ஆகலாம். பிறகு அளந்தால் மூன்றும் வந்துவிடும். ஓவர்லோடு வெளியே மூடிக்குள் இருக்கும் வகையில், அதைத் தாண்டி நேராக முனையில் வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயும் இதே தப்பு நடக்கும்.

கெப்பாசிட்டர் புதுசு, வோல்டேஜ் 220க்கு மேல், வைண்டிங் கணக்கும் சரி, அப்படியும் முனகி விழுகிறது, வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர் போல எகிறுகிறது என்றால் அப்போது சொல்லலாம், கம்ப்ரசர் இறுகிவிட்டது என்று.

ஓடுகிறது, குளிரவில்லை: கேஸா, தேய்ந்த கம்ப்ரசரா

இது இன்னும் நுட்பமான வழக்கு. கம்ப்ரசர் ஓடுகிறது, முறிவு எதுவும் இல்லை, அறை மட்டும் குளிரவில்லை. ஒன்றரை டன் சாதா ஏசி வழக்கமாக 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். இங்கே 5 காட்டுகிறது. கேஸ் குறைந்தாலும் ஆம்பியர் குறையும், கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து அமுக்கும் வலுவை இழந்தாலும் குறையும். ஆம்பியரை மட்டும் பார்த்து "கேஸ் கம்மி" என்று நிரப்புகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது உறிஞ்சும் பக்கத்து அழுத்தம், அதாவது கம்ப்ரசர் கேஸை உள்ளே இழுக்கும் பக்கத்து அழுத்தம். ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸ் உள்ள ஏசியில் அது ஓடும்போது 60 முதல் 70 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) வரை இருக்கும். ஆர்-410ஏ, ஆர்-32 என்ற கேஸ் வகைகள் இரண்டிலும் 115 முதல் 140 வரை. கேஸ் போனால் இந்த அழுத்தம் இறங்கும், உள்கூலிங் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி கட்டும், மெல்லிய குழாயின் நட்டில் வெண்பனி தெரியலாம். கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் நேர் எதிர்: உறிஞ்சும் பக்கம் அழுத்தம் ஏறிக் கிடக்கும், தள்ளும் பக்கம் இறங்கிக் கிடக்கும். ஆம்பியர் குறைவு, உறிஞ்சும் அழுத்தமும் குறைவு என்றால் கேஸ். ஆம்பியர் குறைவு, உறிஞ்சும் அழுத்தம் அதிகம் என்றால் கம்ப்ரசர். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும், வீண் செலவில் பாதி மிச்சம்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் உண்டு. ஏசி ஓடும்போது வெளிப்பெட்டியில் மெல்லிய குழாயின் வால்வை மூடிவிட்டு, தடித்த குழாயில் மாட்டிய கேஜைப் பார்க்க வேண்டும். நல்ல கம்ப்ரசர் என்றால் முள் விறுவிறுவென்று பூஜ்யத்தை நோக்கி இறங்கும். தேய்ந்தது பாதி வழியில் நின்று தடுமாறும், நிறுத்தியதும் முள் சரசரவென்று மேலே ஏறும். முள் பூஜ்யத்தைத் தொடுமுன் நிறுத்திவிட வேண்டும். குழாயில் எங்காவது ஓட்டை இருந்து, அதன் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தபடி ஓடும் கம்ப்ரசர் வெடித்திருக்கிறது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் கேஸ், அதில் இரட்டை ஜாக்கிரதை வேண்டும். இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது, நாம் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தால் போதும்.

கேஸ்தான் என்று தெரிந்தாலும் அப்படியே நிரப்பிவிட்டுப் போக விடாதீர்கள். கேஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரை வைத்து, ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். "வருஷம் ஒருக்கா கேஸ் போட்டுக்கணும்ங்க" என்ற பேச்சை நம் ஊரில் இத்தனை பேர் நம்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கேஸ் குறைவாகவே ஓடும் கம்ப்ரசர் சரியாக ஆறாமல் சூடேறும். இன்றைக்கு 3,000 ரூபாய் கேஸ் பழுதாக இருப்பது இரண்டு கோடையில் கம்ப்ரசர் பழுதாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் வெளிக் காயிலைக் கழுவிப் பாருங்கள். தூசி அடைத்தால் ஆம்பியர் குறையாது, ஏறும். அதை வைத்தே மேலே சொன்ன இரண்டிலிருந்தும் பிரித்துவிடலாம்.

இன்வெர்ட்டர் ஏசியில் போர்டா, கம்ப்ரசரா

இங்கே கணக்கே வேறு. ஸ்டார்ட், ரன் என்ற பேதம் இல்லை. யு, வி, டபிள்யூ என்று மூன்று முனை, மூன்று ஜோடிக்கும் ஒரே ஓம் வர வேண்டும். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் கிடையாது. மின்னணுச் சர்க்யூட் போர்டு கொடுக்கும் மின்சாரத்தில்தான் கம்ப்ரசர் ஓடுகிறது, அதனால் எது கெட்டாலும் திரையில் ஒரே மாதிரி எரர் கோடு வரலாம். கம்ப்ரசர் வயரைக் கழற்றிவிட்டு, போர்டு வெளியே விடும் மூன்று வயரிலும் மூன்று விளக்குள்ள டெஸ்டரை மாட்டுவார்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் மினுங்கினால் போர்டு தப்பிக்கிறது, ஒன்று மங்கினாலோ அணைந்திருந்தாலோ போர்டுதான். தோப்புக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் பல்லியும் எறும்பும் போர்டில் ஏறி ஷார்ட் ஆவது சாதாரணம், இடி மின்னலுக்குப் பிறகும் அப்படியே. என் அனுபவத்தில் இன்வெர்ட்டரில் முதல் சந்தேகம் போர்டு மேல் போவதுதான் நியாயம்.

உறுதியாகிவிட்டது: ரீகண்டிஷனா, புதுக் கம்ப்ரசரா, புது ஏசியா

முதலில் பில்லை எடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு மட்டும் 5 அல்லது 10 வருட வாரண்டி தருகின்றன. கேஸுக்கும் கூலிக்கும் தனியாகக் கேட்பார்கள், அப்படியும் லாபம்தான். கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி இந்தப் பக்கம் மாட்டியவர்கள், ஏசி இருக்கும் வீட்டின் பின்கோடைச் சொல்லிப் புகார் பதிய வேண்டும்.

வாரண்டி முடிந்திருந்தால் சிலர் ரீகண்டிஷன் கம்ப்ரசர் சொல்வார்கள். பழைய கம்ப்ரசரின் வெளிக்கூட்டை வெட்டித் திறந்து, வைண்டிங்கை மாற்றி, மறுபடி வெல்டு அடித்தது. விலை பாதிக்கும் கீழே. நான் வேண்டாம் என்பேன். உள்ளே எவ்வளவு ஈரம், எவ்வளவு தூசி தங்கியது என்று யாருக்கும் தெரியாது.

புதுக் கம்ப்ரசர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து சாதா ஒன்றரை டன்னுக்கு ஏறக்குறைய 10,000 முதல் 14,000 வரை ஆகும். புது இன்வெர்ட்டர் ஏசி 35,000ல் தொடங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானது புதுசு வாங்குகிறவருக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கிறது. ஆர்-22 ஏசிக்குப் புதுக் கம்ப்ரசர் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்தக் கேஸ் படிப்படியாக விடைபெறுகிறது. ஆர்-32 அல்லது 410ஏ, ஐந்தாறு வயது, காயிலில் ஓட்டை இல்லை என்றால் கம்ப்ரசரை மாற்றுங்கள், தாராளமாக இன்னும் சில வருடம் ஓடும்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி வராது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. பழைய ஏசியால் மாதம் 270 யூனிட் ஓடும் வீடு, இன்வெர்ட்டருக்கு மாறி 230க்கு இறங்கினால் மிச்சமாவது அந்த 40 யூனிட்டின் காசு மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், கட்டண அமைப்பே வேறு. கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் "கம்ப்ரசர் மாத்தினாப் போதும்" என்றால் அவருக்கு அது சரியாக இருக்கலாம், நம் வீட்டுக்குப் பில்லைப் பார்த்துத்தான் முடிவு.

கம்ப்ரசரே மாற்றுவது என்று முடிவானால் வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். பழையது எரிந்து போனதென்றால் குழாய்க்குள் அமிலம் கலந்த கருத்த எண்ணெய் இருக்கும். அதைக் கழுவாமல், ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றாமல் புதுசை மாட்டினால் அதுவும் எரியும். வெல்டிங் முடிந்ததும் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்பு, பிறகு தராசில் நிறுத்துக் கேஸ். வாக்குவம் பம்பு கொண்டு வராமல் கேஸையே விட்டுக் காற்றைத் தள்ளுகிறவர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசியில் ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு வோல்டேஜ், ஆம்பியர், உறிஞ்சும் அழுத்தம் மூன்றையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் யார் வந்தாலும் அந்த மூன்று எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.