கரியப்பாவும் மானெக்‌ஷாவும்: இரு ஃபீல்ட் மார்ஷல்கள்

இந்திய ராணுவத்தின் மிக உயர்ந்த பதவிநிலையான ஃபீல்ட் மார்ஷல் ஆனவர்கள் இருவரே. கரியப்பா 1949 ஜனவரி 15 அன்று, பிரிட்டிஷ் தளபதியிடமிருந்து தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். அந்த நாளே ராணுவ தினம். ஓய்வுபெற்று 33 ஆண்டுகள் கழித்து, 1986இல்தான் அவருக்கு அந்த உயர்நிலை கிடைத்தது. மிகத் தாமதம் என்பேன். மானெக்‌ஷாவுக்கோ 1973 ஜனவரியில், பணியில் இருக்கும்போதே வந்தது.

1942இல் பர்மாவில் குண்டடிபட்டு உயிர் தப்பியவர் மானெக்‌ஷா. 1971 ஏப்ரலில் பாகிஸ்தானுடன் போர் பற்றிய பேச்சு எழுந்தபோது, ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த அவர், படை தயாராக இல்லை என்று பிரதமரிடமே சொல்லி அவகாசம் கேட்டார். டிசம்பரில் மூண்ட போர் 13 நாட்களில் முடிந்தது. அந்த மறுப்பின் துணிவுக்கே என் மனம் சாய்கிறது. ஆனாலும் 1965 போரில் பாகிஸ்தானிடம் சிறைப்பட்ட தன் விமானி மகனுக்குத் தனிச்சலுகை வேண்டாம் என்று மறுத்தவர் கரியப்பா.