சின்ன மென்பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? மலிவான வழிகள், ஓர் ஒப்பீடு

மென்பவளம் (கல்போன்ற கூடு கட்டாத பவளம்) வளர்க்க ஆசைப்பட்டு, விளக்கின் விலையைக் கேட்டதும் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களுக்காகச் செய்த விளக்குகளை. மஷ்ரூம், ஸோவாந்தஸ், லெதர், ஸீனியா, கிரீன் ஸ்டார் பாலிப் என்ற மென்பவளங்கள் எல்லாம் கேட்கும் வெளிச்சம் அதில் பாதிகூட இல்லை. (அறிவியல்படி மஷ்ரூமும் ஸோவாந்தஸும் மென்பவள வகையில் சேராது. தேவை ஒன்றுபோல இருப்பதால் வளர்ப்பவர்கள் சேர்த்தே சொல்கிறோம்.)

கணக்குக்காக 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், ஏறக்குறைய 40 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நான் முதலில் வைத்திருந்ததும் இந்த அளவுதான். கீழே சொல்லும் விளக்குகளில் பலவற்றை இதன் மேல்தான் மாட்டிப் பார்த்தேன்.

வாட்டும் லூமெனும் ஏன் உதவாது

பவளத்தின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, கிடைப்பதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. ஆக, நாம் விளக்குப் போடுவது அந்தப் பாசிக்குத்தான். பாசிக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்பதை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. உச்சி வெயிலில் இது 2000 வரை போகும். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். மஷ்ரூம் 50ஐ ஒட்டியே நிம்மதியாக இருக்கும். லெதர் 100ஐத் தொட்டால் நன்றாக விரியும்.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம், அவ்வளவுதான். லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு. 555 நானோமீட்டர் பச்சைக்கு அதில் முழு மதிப்பு, நுண்பாசி நன்றாக உறிஞ்சும் 450ஐ ஒட்டிய நீலத்துக்கு மிகக் குறைவு. அதனால் பெட்டியில் பெரிய லூமென் எண் போட்ட வெள்ளை விளக்கு, சிறிய எண் போட்ட நீல விளக்கைவிடப் பவளத்துக்கு மோசமாக இருக்கலாம்.

எனவே நான் ஒப்பிடுவது மூன்றை வைத்து: தேவையான ஒளி கீழே வரை போகிறதா, தொட்டி முழுக்கச் சமமாகப் பரவுகிறதா, குறைத்துக்கொள்ள வழி இருக்கிறதா. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சின்னத் தொட்டியில் மென்பவளம் ஒளி போதாமல் கெட்டதைவிட, அதிகமாகிக் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஃப்ளட் லைட்டா, பார் 38 பல்பா

இருப்பதிலேயே மலிவு, சுவரில் மாட்டும் எல்இடி ஃப்ளட் லைட். 6500 கெல்வின் கூல் ஒயிட், 20 வாட். இதில் பவளம் வளருமா என்றால், வளரும். வெள்ளை எல்இடி என்பதே 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி தரும் சில்லின் (சிப்) மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். அந்த நீலத்தில் ஒரு பகுதி அப்படியே வெளியே வருகிறது. வார்ம் ஒயிட்டில் இந்த நீலம் குறைவு, அதனால் 3000 கெல்வின் பக்கம் போக வேண்டாம். நான் ஐந்து மாதம் ஃப்ளட் லைட்டில் ஓட்டினேன். கிரீன் ஸ்டார் பாலிப் பாறையில் படர்ந்தது, மஷ்ரூம் இரண்டாகப் பிரிந்தது.

குறை, நிறத்தில். பவளத்தின் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் அதன் புரதங்கள் நீல ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பிவிடுவதால் வருவது. மஞ்சளும் பச்சையும் கலந்த வெள்ளையில் அது மங்கிப்போகும். பழுப்புப் பாசியும் கண்ணில் அதிகம் படும். இன்னொன்று, சாதாரண ஃப்ளட் லைட்டை டிம் செய்ய முடியாது. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மேலே தூக்கித்தான் கட்ட வேண்டும். ஐபி 65 என்று எழுதியிருந்தால் தண்ணீர் தெறிப்பதைத் தாங்கும், ஆனால் உப்பு அதன் திருகுகளையும் அலுமினிய உடலையும் மெல்ல அரித்துவிடும்.

பார் 38 பல்பு இதற்கு அடுத்த படி. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நானே சிலருக்கு இதை விளக்க வேண்டிவந்தது. இந்தப் 'பார்' ஒளி அளவு அல்ல. பரவளைய வடிவ அலுமினியப் பிரதிபலிப்பானைக் குறிக்கும் பல்பு வகையின் பெயர். 38 என்பது அதன் விட்டம், ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வீதம் 38, அதாவது சுமார் 12 செ.மீ. ஆக, பார் 38 என்ற பெயருள்ள எல்லா பல்பும் பவளத்துக்கு உகந்ததல்ல. நீலமும் வெள்ளையும் கலந்த எல்இடி உள்ள ரீஃப் (பவளத் தொட்டிக்கான) வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒன்று கிடைத்துவிட்டால் சாதாரண இ27 ஹோல்டர் போதும், ஒரு வளையும் கழுத்து ஸ்டாண்டில் மாட்டிவிடலாம். ஃப்ளட் லைட்டைவிட நிறம் பல மடங்கு நன்றாக இருக்கும். சிக்கல் பரவல். 40 டிகிரி லென்ஸ் உள்ள பல்பைத் தண்ணீருக்கு 30 செ.மீ. மேலே வைத்தால் மேற்பரப்பில் விழும் வட்டம் 22 செ.மீ.தான். 60 டிகிரி என்றால் 35 செ.மீ. தண்ணீருக்குள் ஒளி வளைவதால் விரியும் கோணம் இன்னும் குறுகும். 30 செ.மீ. கனசதுரத் தொட்டிக்கு 60 டிகிரி பல்பு ஒன்று பொருத்தமாக இருக்கும். நம் 45 செ.மீ. தொட்டிக்கு ஒன்று போதாது, ஓரங்கள் இருட்டு. இரண்டு பல்பு, இரண்டு ஸ்டாண்ட் என்று போனால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுவிடும்.

சரி, இரண்டில் எது? கனசதுரத் தொட்டிக்கு பார் 38. நீளத் தொட்டிக்கு, கையில் காசு இல்லாத முதல் சில மாதங்களுக்கு மட்டும் ஃப்ளட் லைட்.

டி5 டியூப்

பல ஆண்டுகள் பவளத் தொட்டிகளை வாழவைத்தது இந்த மெல்லிய ஃப்ளூரசன்ட் டியூப்தான், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வராமல் டியூப் முழுக்க வருவதால் நிழல் குறைவு. பாறையின் அடியில் இருக்கும் பாலிப்புக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். பரவலில் இதை எந்த மலிவு எல்இடியாலும் தோற்கடிக்க முடியாது.

ஆனால் நம் தொட்டிக்கு இது சரிப்படாது. உயர்வெளிச்ச டி5இல் பரவலாகக் கிடைக்கும் மிகக் குட்டையான 24 வாட் டியூப்பே 55 செ.மீ. நீளம். 45 செ.மீ. தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒளியும் நிறமும் மாறிவிடுவதால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே பாதரசம் வேறு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பொது வெளிச்சத்துக்கான நீள ஃப்ளூரசன்ட் டியூப்புகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த 2023இல் முடிவெடுத்தன. ரீஃப் டியூப் இன்று கிடைத்தாலும் நாளை தேடி அலைய வேண்டிவரலாம். 60 செ.மீ.க்கு மேல் நீளமான தொட்டியும், யாராவது கொடுக்கும் பழைய டி5 பெட்டியும் கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகக் காசு போட வேண்டாம்.

கருப்புப் பெட்டியா, சின்ன ரீஃப் விளக்கா

உண்மையான போட்டி இங்கேதான். 'கருப்புப் பெட்டி' என்று நாம் சொல்வது 165 வாட் என்று எழுதி விற்கும் கருப்பு உலோகப் பெட்டி. உள்ளே 3 வாட் எல்இடி 55, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு குமிழ், ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. சில்லுகளை முழுத் திறனில் ஓட்டாததால் உண்மையில் இழுப்பது 165ஐவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு வாட்டுக்கு என்ன விலை என்று பார்த்தால் இதைவிட மலிவான ரீஃப் விளக்கு கிடையாது. அந்தக் கணக்கில்தான் நானும் வாங்கினேன்.

விற்றவர் 60 சதவீதத்தில் வையுங்கள் என்றார். வைத்தேன். நான்காம் நாள் லெதர் மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் மஷ்ரூம் வெளிறி, சுருங்கி, பாறையை விட்டுக் கழன்று பின்பக்க நிழலில் கிடந்தது. அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும். கடினப் பவளத்துக்கே போதுமான விளக்கை 30 செ.மீ. ஆழத் தொட்டியின் மேல் வைத்திருந்தேன். பிறகு நீலம் 20 சதவீதம், வெள்ளை 5 சதவீதம் என்று இறக்கி, இன்னும் 15 செ.மீ. மேலே தூக்கிக் கட்டியதும் லெதர் மீண்டுவிட்டது.

அதன் லென்ஸ் பெரும்பாலும் 90 டிகிரி. 30 செ.மீ. மேலே தொங்கவிட்டால் 60 செ.மீ. வட்டம் விழும். நம் தொட்டியின் அகலம் 30தான். பாதிக்கு மேல் ஒளி சுவரிலும் தரையிலும் விழுகிறது. காற்றாடிச் சத்தம் தனி. படுக்கையறையில் வைக்கிற விளக்கு இல்லை அது.

சின்ன ரீஃப் விளக்கு என்பது தொட்டியின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் அல்லது கழுத்து நீண்ட, 15 முதல் 30 வாட் எல்இடி. இந்த வகையில் பெயர்பெற்ற கெஸில் ஏ80 வெறும் 15 வாட்தான். அதைவிட விலை குறைந்தவை பல பெயர்களில் வருகின்றன. நான் பார்ப்பது நான்கு விஷயம். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்க முடிகிறதா? நீலச் சில்லு 450 நானோமீட்டரை ஒட்டியதா, அல்லது சும்மா நீலச் சாயம் பூசிய அலங்கார விளக்கா? உடல் முழுக்க அலுமினியமா? மின்சாரம் அடாப்டர் வழியாகக் குறைந்த மின்னழுத்தத்தில் வருகிறதா? நான்காவது பாதுகாப்புக்காக. ஈரமான கை, உப்புத் தண்ணீர், பக்கத்தில் விளக்கு என்ற இடத்தில் அது பெரிய விஷயம்.

லென்ஸ் இல்லாத 120 டிகிரி விளக்காக இருந்தால் தண்ணீருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். 10 செ.மீ. உயரத்தில் 35 செ.மீ. வட்டம் கிடைக்கும், பெரும்பகுதி தொட்டிக்குள்ளேயே விழும். அதே விளக்கை 30 செ.மீ. மேலே தூக்கினால் வட்டம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், பவளத்துக்குச் சொற்பம்தான் மிஞ்சும். இந்த விளக்கு பவளத்துக்குப் போதவில்லை என்று குறைப்பட்டவர்கள் வீட்டில் நான் போய்ப் பார்த்தபோது இரண்டு முறை காரணம் உயரம்தான். பக்கத்தில் வைத்தால் உப்புப் படியும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். படிந்த உப்பு ஒளியைக் குறைத்துவிடும்.

மின்சாரமும் ஆயுளும்

ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றால் 30 வாட் சின்ன விளக்கு மாதம் 8 யூனிட். நான்கு டியூப் டி5 பெட்டி 96 வாட், மாதம் 26 யூனிட். கருப்புப் பெட்டியைக் குறைத்து ஓட்டினால் மின்செலவும் குறையும் என்பதால் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை.

எல்இடி 50,000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதியிருப்பார்கள். தினம் 9 மணி என்றால் அது 15 ஆண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். சில்லு கெடுவதற்கு முன் காற்றாடியோ டிரைவரோ (சில்லுக்கு மின்சாரத்தைச் சீராகத் தரும் பகுதி) போய்விடும். அடாப்டர் தனியாக உள்ள விளக்கில் அதை மட்டும் மாற்றிவிடலாம். சின்ன விளக்கை நான் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

கையாலேயே செய்வது

ராயல் ப்ளூ 3 வாட் சில்லு, ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு), 700 மில்லியாம்பியர் டிரைவர் வாங்கிச் சாலிடர் செய்தால் ரொம்பக் குறைவாக முடியும். பத்துச் சில்லைத் தொடராக இணைத்தால் சுமார் 33 வோல்ட், 23 வாட், நம் தொட்டிக்கு அது தாராளம். சாலிடரிங் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். கற்றுக்கொள்வதற்கு உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல்பக்கம் சரியான இடமில்லை.

நான் எதை வாங்குவேன், எப்படித் தொடங்குவேன்

40 லிட்டர், மென்பவளம் மட்டும் என்றால் 30 வாட்டுக்குள் இருக்கும், இரண்டு நிறமும் தனியாகக் குறையும் சின்ன ரீஃப் விளக்கு. கூடவே ஒரு டைமர். 100 லிட்டரைத் தாண்டி, 60 செ.மீ. அகலம் வரும்போது கருப்புப் பெட்டியே நல்ல வியாபாரம். அங்கே அதன் பரவல் வீணாகாது. பின்னாளில் பெரிய தொட்டி உறுதி என்று தெரிந்தவர்கள் அதை இப்போதே வாங்கி, குறைத்து வைத்து ஓட்டலாம். குறைத்து என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பார் மீட்டர் விலை அதிகம், விளக்கைவிட அதிகமாகவே இருக்கும். யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு மாலை போதும். கைப்பேசியின் லக்ஸ் செயலி வெள்ளை எல்இடிக்கு ஓரளவு உதவும். சுமார் 70 லக்ஸ் ஒரு பார் என்று வைத்தால் 7000 லக்ஸ் ஏறக்குறைய 100. நீல விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது, செயலி மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டினால் பவளம் வெந்துவிடும்.

அப்புறம், சின்ன ரீஃப் விளக்கு என்றால் முதல் வாரம் 30 சதவீதம், 6 மணி நேரம் (கருப்புப் பெட்டி என்றால் மேலே சொன்னதுபோல இன்னும் குறைவாக). வாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற்றி, நேரத்தை 8 அல்லது 9 மணியில் நிறுத்துங்கள். மீட்டருக்குப் பதில் பவளத்தையே பாருங்கள். ஸோவாந்தஸ் தண்டு நீட்டி மேலே எட்டினால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூம் விளிம்பு மடங்கி, நிறம் வெளுத்தால் அதிகம். லெதர் சில நாள் மூடி, மெழுகு போன்ற தோலை உரிப்பது இயல்பு, அதற்குப் பயந்து குமிழைத் தொட வேண்டாம். இரண்டு வாரம் கடந்தும் திறக்கவில்லை என்றால் விளக்கைக் கூட்டுவதோ குறைப்பதோ செய்யும் முன், அந்தப் பவளத்தை ஒரு அடுக்கு கீழே இறக்கி வைத்துப் பாருங்கள்.

விளக்கின் வயரைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு பிளக்குக்கு ஏற்றுங்கள். வழிந்து வரும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது.